இரவல் நாக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் தங்கை சொன்னாள். சொல்வதற்கு முன்னால், "அண்ணா, இது உன்னோட இருக்கட்டும்" என்றும் சொன்னாள். நான் தலையாட்டினேன். எழுதுகிறவனின் தலையாட்டலை நம்புவதும் பூனையிடம் பால் சட்டியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவதும் ஒன்றுதான். (பூனை, பால் எல்லாம் பழசு. வேறு உவமை போட வேண்டும். கிடைத்தால்.)

என்னைப் பற்றி இரண்டு வரி. பகலில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, நீங்கள் படிக்காமல் தூக்கிப் போடுகிற தாள், அதைப் படிப்பது என் வேலை. ‘மூன்று வேளை’ என்பது ‘முப்பது வேளை’ என்று அச்சாகி யாரும் செத்துவிடாமல் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. என் வாசகர்கள் அத்தனை பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதில் மூன்று பேர் சொந்தக்காரர்கள்.

என் தங்கைக்கு நாற்பதாயிரம் வாசகர்கள். சாப்பிட்டதை எழுதியே.

இதில் எனக்குப் பொறாமை இல்லை. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.)

கதையை எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் திண்டாடினேன்.

முதல் தொடக்கம்: "மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலையில், அவர்கள் இருவரும் அந்த உணவகத்தின் ஜன்னலோர—" மழையே பெய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "உணவு என்பது வெறும் உணவு அல்ல, அது—" அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இப்படித் தொடங்குகிறவர்கள் யாருக்கும் தெரிவதில்லை.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். இலக்கியம் நடுவில் எங்காவது வந்து சேர்ந்துகொண்டால் சரி.

2

தங்கைக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் ‘நாக்குக்காரி’ என்று பெயர். பாலில் அரைக் கரண்டி தண்ணீர் கூடியிருந்தாலும் சொல்லிவிடுவாள். சமைத்தவர் சந்தோஷமாக இருந்தாரா, சண்டை போட்டுவிட்டு வந்து கிண்டினாரா என்பதையும் சொல்லிவிடுவாள் என்று அம்மா சொல்வார். (அம்மா கொஞ்சம் மிகைப்படுத்துவார். எனக்கு அந்தப் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது.) பெரியவளானதும் அந்தப் பெயரிலேயே இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். வார நாட்களில் கண் மருத்துவமனையில் பதிவு மேஜை. ‘எந்தக் கண்ணு?’ என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. வாரக் கடைசியில் நாக்கு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இனி அவரை மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேச அவரிடம் இரண்டே சொற்கள்தான் இருந்தன. ஒன்று ‘நல்லா இருக்கு’. இன்னொன்று ‘பரவாயில்ல’. உலகத்துப் பலகாரங்கள் எல்லாம் இந்த இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிடும்.

சனிக்கிழமைதோறும் இருவரும் வெளியே சாப்பிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு நகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்குவார்கள். மற்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போய் நடுவில் சாப்பிடுவார்கள். இவர்கள் சாப்பிடப் போய், செரிப்பதற்காக நடுவில் அருங்காட்சியகம் பார்ப்பார்கள். குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் எங்கே சாப்பிடுவது என்று அவள்தான் முடிவு செய்வாள். அவள் படம் எடுத்து முடிக்கும்வரை யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. "ஆஸ்பத்திரி சாப்பாடுகூட இதைவிடச் சூடா வரும்மா" என்று அப்பா ஒருமுறை சொன்னார். அவள் அவரைக் கொஞ்சம் இடது பக்கம் நகரச் சொன்னாள். வெளிச்சத்தை மறைக்கிறாராம்.

இன்னொருவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். என் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டிலும் நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். கிண்டலாகத் தொடங்கியது, பிறகு நிலைத்துவிட்டது. டீச்சர் நன்றாகச் சமைப்பாள். ஆனால் எங்கள் வீட்டில் எப்போது சாப்பிட்டாலும் தங்கை வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே தீர்ப்பைத்தான் சொல்வாள்:

"முயற்சி தெரியுது, அண்ணி."

நூற்றுக்கு ஏழு மதிப்பெண் வாங்கிய பையனின் தாளில் டீச்சர் எழுதுகிற வாக்கியம் அது. ஆகவே அதன் பொருள் அவளுக்கு நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டு பாத்திரங்களை எடுத்துப் போவாள். அன்று பாத்திரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கழுவப்படும்.

3

பிறகு ஒரு காய்ச்சல். தங்கை நான்கு நாள் படுத்தாள். எழுந்து குடித்த காப்பி வெந்நீராக இருந்தது. உப்பு இல்லை, இனிப்பு இல்லை, புளிப்பு இல்லை, எதற்கும் வாசனையும் இல்லை. சூடு தெரிந்தது. குளிர் தெரிந்தது. மொறுமொறுப்பு காதில் கேட்டது. அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தது; போனார்கள்; சாப்பிட்டார்கள்; எழுதினாள். ‘சமநிலையான சுவை’ என்று எழுதினாள். பக்கம் தொடங்கிய நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைத் தொட்டதில்லை. ஒன்றும் தோன்றாதவர்கள் பயன்படுத்துகிற சொல் அது என்று என்னிடமே கேலி செய்திருக்கிறாள்.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்த அன்று வீடு வெடித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் மாடிப்படியிலேயே கேஸ் வாடையைப் பிடித்துவிட்டார். மெக்கானிக் என்பதால் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. உள்ளே போய் அடுப்பை மூடி, சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தார். அடுப்பிலிருந்து நான்கடி தூரத்தில், சமையலறை மேஜையில், தங்கை ஃபோனில் நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தாள். ‘நறுமணம்’ என்ற சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். (இது நான் சேர்த்தது. அன்று என்ன எழுதினேன் என்று நினைவில்லை என்கிறாள். அவளுக்கு நினைவில்லாத இடத்தில் எனக்கு உரிமை உண்டு.) அவர் அவள் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"வாசனை வரலையா உனக்கு?"

"மூக்கு அடைச்சிருக்கு."

"எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்துதான்."

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "லிஃப்ட் இப்பதான் நின்னுச்சுன்னு சொல்றவங்க எல்லாருக்கும் ஒரு வாரம் முன்னாடியே சத்தம் கேட்டிருக்கும்" என்றார். "எத்தனை நாளா?"

"பத்தொன்பது."

பத்தொன்பது நாளில் அவள் மூன்று உணவகங்களைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்றிலும் அவர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். கவனிக்கவில்லையே என்று தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது. அவள்மேல் வரவேண்டிய கோபம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வராமலே போய்விட்டது.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "வரலாம். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம். வராமலும் போகலாம்" என்றார். டாக்டர்கள் இப்படிச் சொல்வதற்கும் கதைக்கு மூன்று முடிவு எழுதுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான்கு சின்னக் குப்பிகள் கொடுத்தார்கள்: எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, தைல மரம். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். முகர்ந்தாள். நான்கும் கண்ணாடி வாசனைதான் வருகிறது என்றாள். பிறகு, அதுகூட வரவில்லை என்றாள்.

"பக்கத்துல எழுதிடு" என்றார் மாப்பிள்ளை. "உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் லீவுன்னு."

"டிரைவருக்குக் கண்ணு தெரியாதுன்னு போர்டு மாட்டிட்டு பஸ் ஓட்டச் சொல்றீங்களா?"

"ஓட்டாதேன்னு சொல்றேன்."

அவள் நான்கு குப்பிகளையும் மூடி வைத்தாள். "நாக்குக்காரின்னுதாங்க என்னை எல்லாருக்கும் தெரியும். நாக்கை எடுத்துட்டா அதுல என்ன மிச்சம்?" என்றாள்.

இலக்கணப்படி அதில் மிச்சம் ‘காரி’ என்கிற ஒரு விகுதி. இதை நான் அப்போது அங்கே இல்லாததால் சொல்லவில்லை.

4

அடுத்த வாரம் நகரப் பயணம். ஏற்கெனவே ஏற்பாடு செய்தது, வாசகர்களிடம் சொல்லியும் ஆயிற்று. ரயிலில் நான்கு மணி நேரம். போகும் வழியில் ஒப்பந்தம் முடிந்தது: அவர் சுவைத்துச் சொல்ல வேண்டும், அவள் எழுத வேண்டும்.

முதல் உணவகம் அவளே ஆறு மாதம் முன்பு தேர்ந்தெடுத்தது. தட்டில் இருப்பது தெரியாத அளவுக்கு இருட்டு. தட்டோ வயல் அகலம். நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு மீன் துண்டு, யாரோ நட்டுவிட்டுத் தண்ணீர் விட மறந்தது போல. பரிமாறியவர் அந்த மீனின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டு நகர்ந்ததும், மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா?"

யோசித்தார். அடுத்த கிண்ணத்திலிருந்த சூப்பைக் குடித்தார். "இது பரவாயில்ல."

"ரெண்டுல எது மேல?"

"இதென்ன கேள்வி. பரவாயில்லதான் மேல."

அவள் ஃபோனைக் கீழே வைத்தாள். "அப்ப நல்லா இருக்குன்னா?"

"அது சும்மா சொல்றது. சமைச்சவங்க மனசு நோகக் கூடாதுல்ல."

கல்யாணமாகிப் பதினொரு வருடம். அவள் கையால் சமைத்ததை அவர் எத்தனை முறை ‘நல்லா இருக்கு’ என்றிருப்பார் என்று அவள் எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவள் மருத்துவமனை மேஜையில் உட்கார்ந்து கேட்பது போலக் கேட்க ஆரம்பித்தாள். எங்கே தெரியுது, முதலிலா கடைசியிலா, இடமா வலமா. அவருக்கு வார்த்தை வரவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த பாஷையில் இறங்கிவிட்டார்.

"ஆரம்பத்துல சும்மா ஏறுது. ரெண்டாவது மாடி தாண்டினதும் ஒரு குலுக்கு."

"குலுக்குன்னா?"

"மிளகு. ஆனா நிக்கல. மேல போய் மெதுவா கதவு திறக்குது."

"கதவு திறந்தா என்ன இருக்கு?"

கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எலுமிச்சை."

அவள் அப்படியே எழுதினாள். மாடி, குலுக்கு, கதவு எல்லாம். மறுநாள் காலைக்குள் அவள் பக்கம் அதுவரை காணாத கூட்டம். ‘புது நடை’ என்றார்கள். ‘நீங்கள் முதிர்ந்துவிட்டீர்கள்’ என்றார்கள். ஒருவர் அதற்குச் ‘செங்குத்து அழகியல்’ என்று பெயரே வைத்துவிட்டார்.*

* என் இரண்டு தொகுப்புகளுக்கும் சேர்த்து வந்த ஒரே விமர்சனம், ‘அச்சுப் பிழைகள் இல்லை’ என்பது.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் வரைவில் மாப்பிள்ளையை ஒரு மண்ணாந்தையாகத்தான் எழுதியிருந்தேன். சாப்பிடத் தெரியாத மனிதன், சாப்பாட்டு ராணியின் கணவன், சிரிப்புக்கு உத்தரவாதம். வேலை மிச்சம். ஆனால் தங்கை ஒரு நோட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லிஃப்ட் பழுது பார்த்தால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: இடம், பழுது, காரணம், செய்தது. அதே போல ஒரு நோட்டு வாங்கி, மதிய இடைவேளையில் தனியாக ஒவ்வொரு கடையாகப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர். புளிப்பில் எத்தனை வகை, கருகலுக்கும் வறுவலுக்கும் என்ன வித்தியாசம் என்று பழகிக்கொள்ள. டிபன் பாக்ஸ் கொண்டுவராததைப் பார்த்து, வீட்டில் சண்டை என்று கூட வேலை செய்கிறவர்கள் முடிவு செய்தார்கள். ஒருவர் சமாதானம் பேசவும் முன்வந்தார்.

அந்த நோட்டிலிருந்து ஒரு பதிவு:

‘இடம்: பஸ் நிலையத்துக்கு எதிரே சூப் கடை. பழுது: பூண்டு பின்னால் வந்து இடிக்கிறது. காரணம்: தீய்ந்திருக்கலாம். செய்தது: இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். அதேதான்.’

இப்படி ஒருவனை மண்ணாந்தை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முயன்றேன்.

ஏமாற்றுதானே இது என்று நீங்கள் கேட்கலாம். நாற்பதாயிரம் பேர் நாக்குக்காரி சொல்கிறாள் என்று நம்பி ஒரு லிஃப்ட்காரர் நாக்கைப் பின்தொடர்ந்து போய்ச் சாப்பிட்டார்கள். இதைப் பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுத உத்தேசித்தேன். "எழுத்தில் உண்மை என்பது—" என்று தொடங்கியும் விட்டேன். பிறகு, என் கதை ஒன்றில் பனி பெய்கிறது, நான் பனியைப் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கட்டுரையைக் கைவிட்டேன்.

6

ஐந்தாவது மாதம் அப்பாவுக்கு எழுபது முடிந்தது. பிறந்தநாளுக்கு எங்கே போகலாம் என்று தங்கை கேட்டபோது, "இந்தத் தடவை ஹோட்டல் வேண்டாம். எனக்குச் சூடா சாப்பிடணும்" என்றார் அப்பா. டீச்சர் உடனே, "நம்ம வீட்டுலயே செஞ்சுடலாம் மாமா" என்றாள். பதினான்கு பேருக்கு மதியச் சாப்பாடு.

அன்று எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். காலைக் காப்பியோடு சர்க்கரை டப்பா காலியாகிவிட்டது. அதை நிரப்ப வேண்டும். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாக்கெட். இரண்டிலும் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் அப்போது ஒரு கதையின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். (சுமாரான வரி. பயன்படவில்லை.) நிரப்பிவிட்டு வந்துவிட்டேன். பத்து மணிக்கு டீச்சர் அந்த டப்பாவிலிருந்து அளந்து எடுத்து, பாலும் முட்டையும் சேர்த்துப் புட்டிங் செய்து, குளிர்ப் பெட்டியில் வைத்தாள். இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியவன் தன் வீட்டில் விட்ட பிழை இது.

பன்னிரண்டரைக்கு மாப்பிள்ளையிடமிருந்து ஃபோன். பழைய குடியிருப்பு ஒன்றில் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெரியவர், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். தங்கை முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். கணவன் வரவில்லை என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நாக்கு வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கோழி வறுவலையும் காய்கறியையும் அவள் சமாளித்துவிட்டாள். நல்ல மொறுமொறுப்பு என்றாள். சூடு சரியாக இருக்கிறது என்றாள். கேட்டுக்கொண்டே போன டீச்சர் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் இந்தக் குடும்பத்துக்கு வந்த பதினெட்டு வருடத்தில் முதல் பாராட்டு. அந்தச் சந்தோஷத்திலேயே புட்டிங்கைக் கிண்ணங்களில் எடுத்து வைத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் கரண்டியை வாயில் வைத்தோம்.

அப்பா கரண்டியை வாயிலிருந்து எடுக்காமல், கடலில் ஒரு வாய் குடித்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார். சித்தி தண்ணீர்ச் செம்பைத் தேடினார். டீச்சரும் ஒரு வாய் வைத்திருந்தாள். அவள் முகம் மாறியது. ‘யாரும் சாப்பிடாதீங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க செஞ்சதுலயே இதுதான் பெஸ்ட். இனிப்பு அளவா இருக்கு. இதை நான் எழுதப் போறேன்."

சொல்லிவிட்டு இரண்டாவது கரண்டி எடுத்தாள். கிண்ணத்தைத் திருப்பி வைத்துப் படமும் எடுத்தாள்.

டீச்சர் தன் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "வழக்கமா சொல்றதையே சொல்லியிருக்கலாம்மா. அது போதும் எனக்கு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டீச்சர்கள் கதவை அறைய மாட்டார்கள். அதனால்தான் கூடுதலாகக் கேட்கிறது.

தங்கை எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்கவில்லை. ஊருக்கே ருசி சொல்கிறவளுக்கு உப்பு தெரியாதா? தெரிந்தேதான் குத்திக் காட்டினாள் என்று எல்லோரும் நினைத்தோம். நான்கூட நினைத்தேன், அதோடு, கச்சிதமான வாக்கியம் என்றும் நினைத்தேன். எழுதுகிறவன் புத்தி.

பத்து நிமிடம் கழித்து மாப்பிள்ளை கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். கழுவிவிட்டுப் பசியோடு உட்கார்ந்தார். புட்டிங் ஒரு வாய். கரண்டி நின்றது. மேஜையைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

அந்த அறையில் அதன் பொருள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

7

நான்கு நாள் கழித்து, மதிய இடைவேளையில் அவள் என் அச்சகத்துக்கு வந்தாள். மருந்துத் தாள் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நேரா போய் அண்ணிகிட்ட சொல்லிடேன்" என்றேன்.

"முடியலண்ணா. இத்தனை வருஷம் அவங்க சமையலுக்கு மார்க் போட்டிருக்கேன். இப்பப் போய் எனக்கு நாக்கே இல்லன்னு நிக்கச் சொல்றியா?"

"வேணும்னா நான் சொல்றேன்."

"வேண்டாம். இது உன்னோட இருக்கட்டும்."

தலையாட்டினேன். சர்க்கரை டப்பாவை நிரப்பியது யார் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். இருபது நிமிடம் மிச்சம் இருந்தது.

வீட்டில் டீச்சர் வழக்கம்போலச் சமைத்தாள், பரிமாறினாள். ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். தினமும் கேட்கிற கேள்வி. பதிலைக் காதில் வாங்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். அது இல்லாமல் சாப்பிட்டால் சோறு இறங்கவில்லை. நானாகவே, "நல்லா இருக்கு" என்றேன். "ம்" என்றாள்.

என்னிடம் இரண்டு உண்மைகள் இருந்தன. தங்கைக்கு ருசி தெரியாது. உப்பைப் போட்டது நான். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் டீச்சர் முகம் திறந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு புது நோட்டை எடுத்து, மேலே ‘1’ என்று எழுதினேன்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: ஒரு காலையில் தங்கை மூன்றாவது குப்பியைத் திறக்கிறாள். ரோஜா. கண்ணீர். திரை. (நடக்கவில்லை. நடந்திருந்தாலும் எழுத வெட்கமாக இருந்திருக்கும்.)

இரண்டாம் முடிவு: தன் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். நாற்பதாயிரம் பேரும் மன்னித்து, அறுபதாயிரம் பேர் ஆகிறார்கள். (இது நடக்கக்கூடியது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

நிஜத்தில் நடந்தது வேறு. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தனியாக வந்தார். தங்கைக்குத் தெரியாது. நான் கூடத்தில் இந்தக் கதையின் நான்காவது பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நேரே சமையலறைக்குப் போனார்.

"அக்கா, அவளுக்கு ருசி தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் போயிடுச்சு. அஞ்சு மாசம் ஆச்சு."

கத்தி நறுக்குகிற சத்தம் நின்றது. "அப்ப அவ எழுதினது எல்லாம்?"

"நான் சொன்னது."

"நீங்களா?"

அவள் நம்பாததால் நோட்டைக் கொடுத்தார். பக்கம் புரளும் சத்தம் நெடுநேரம் கேட்டது. விடைத்தாள் திருத்துகிற வேகம். பிறகு ஓர் இடத்தில் நின்றது. டீச்சர் வாய்விட்டுப் படித்தாள்:

"இடம்: மச்சான் வீடு. பழுது: உப்பு. காரணம்: தெரியவில்லை. செய்தது: முழுதும் சாப்பிட்டேன்."

"ஆமாக்கா."

"ஏன் தம்பி முழுசா சாப்பிட்டீங்க?"

"நீங்க உள்ள இருந்தீங்க. வெளிய வந்து பார்க்கும்போது ஒரு கிண்ணமாவது காலியா இருக்கணும்னு தோணுச்சு."

டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். நான் கூடத்தில் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். காரணம் தெரிந்த ஒரே ஆள், சுவருக்கு இந்தப் பக்கம்.

அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு டீச்சர் அவர்கள் இருவரையும் அப்பாவையும் அழைத்தாள். தங்கை பயந்துகொண்டேதான் வந்தாள். டீச்சர் அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சூப்பை ஊற்றினாள். தங்கை கரண்டியை எடுக்கும்போதே, அப்பாவுக்குக் கேட்காத குரலில் டீச்சர் சொல்லத் தொடங்கினாள்.

"உப்பு சரியா இருக்கு, ரெண்டு தடவை பார்த்துட்டேன். மிளகு கொஞ்சம் தூக்கல். காளான் வாசனை முதல்ல வராது, விழுங்கினப்புறம் வரும்."

தங்கை கரண்டியை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் உப்புக் குப்பியின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"மீன் ஒரு பக்கம் கருகிடுச்சு" என்றாள் டீச்சர். "எலுமிச்சை பிழிஞ்சு மறைச்சிருக்கேன், ஆனா கசப்பு தெரியுது. முயற்சி தெரியுதுன்னு எழுதிக்கோ."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது.

"எத்தனை நாளாத் தெரியும், அண்ணி?"

"ஏழு நாளா."

"கோவமா இருக்கீங்களா?"

"இருக்கேன். பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து இருக்கு. முதல்ல சாப்பிடு, ஆறிப்போகுது. அப்புறம் பேசலாம்."

அன்று யாரும் படம் எடுக்கவில்லை. அப்பா இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டார்.

பக்கத்தில் என்ன எழுதுவது என்று தங்கை இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. நாற்பதாயிரம் பேரில் முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் வேறெங்கோ சாப்பிடப் போய்விட்டார்கள்.

9

மற்றவர்கள் கதை இதோடு சரி. மிச்சம் இருப்பது நான்.

அந்த ஞாயிறு, எல்லோரும் போன பிறகு டீச்சர் பாத்திரம் கழுவினாள், நான் பக்கத்தில் நின்று துடைத்தேன். அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணு மட்டும் புரியல" என்றாள். "சர்க்கரை டப்பாவுல எப்படி உப்பு வந்துச்சு? நான்தான் போட்டிருக்கணும். எனக்கு இப்படியெல்லாம் மறந்ததே இல்ல. வயசாகுது போல."

கணக்கு டீச்சர். தன்மேல் தனக்கே சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வரியை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) "நான்தான் போட்டேன்" என்றேன்.

(ஆ) "அந்தத் தட்டைக் கொடு, துடைக்கிறேன்" என்றேன்.

இரண்டையும் அப்படியே அச்சுக்கு விடுகிறேன். ஒன்றை நீங்கள் அடித்துவிட வேண்டும். எழுதியவனே தன் பிரதியைத் திருத்தக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி. (விதியை இப்போதுதான் உண்டாக்கினேன்.) இது நழுவல் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் நிதானமாக யோசிக்க நேரமில்லை. குழாய் திறந்திருக்கிறது. தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.